பாடகருக்குப் பின்னால் நின்றவர்கள்

தலைமுறை தாண்டி ஒலிக்கும் பாப், ராக் பாடல்களுக்கு உயிர் கொடுத்த பலரின் பெயர் இசைத்தட்டு உறையில் இல்லை. அந்தப் பாடல்களோடு வளர்ந்த ஒரு ரசிகனின் நினைவுகளும் நன்றியும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உணவகம். ராபர்ட் ஒயிட் என்ற முதிய கிட்டார் கலைஞர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்கப் பரிமாறும் இளைஞர் வந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்து உணவகத்தின் ஒலிபெருக்கியில் 'மை கேர்ள்' பாடல் தொடங்குகிறது. அந்தப் பாடலின் ஆரம்பத்தில் படியேறி வரும் கிட்டார் ஒலியை வாசித்தவர் ஒயிட்தான். "இதை வாசித்தது நான்" என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு உணவை மட்டும் சொல்லி அனுப்பினார். ஏன் சொல்லவில்லை என்று உடன் இருந்தவர் கேட்டதற்கு, சொன்னால் அந்தப் பையன் நம்பமாட்டான், கிழவன் உளறுகிறான் என்று நினைப்பான் என்றாராம்.

'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்ற 2002ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் இந்தச் சம்பவம் வருகிறது. படம் வெளிவருவதற்கு முன்பே, 1994இல், ஒயிட் காலமாகிவிட்டார். 'மை கேர்ள்' பாடிய டெம்ப்டேஷன்ஸ் குழுவை உலகம் கொண்டாடியது. 1965இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடம் பிடித்தது. கிட்டார் வாசித்தவர் தன் பெயரைச் சொல்லக்கூடத் தயங்கும் நிலையில் வாழ்ந்து முடித்தார்.

எனக்குப் பிடித்த பழைய பாப், ராக் பாடல்களை நினைக்கும்போதெல்லாம் இப்படிப்பட்டவர்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு பாடலை முணுமுணுக்கும்போது நாம் வார்த்தைகளோடு நிற்பதில்லை. பல்லவி முடிந்ததும் இடையில் வரும் கிட்டாரையும் டிரம்ஸையும் வாயாலேயே வாசித்துவிட்டுத்தான் சரணத்துக்குப் போகிறோம். நம் நினைவில் பாதியை நிரப்பி வைத்திருப்பவர்கள் அந்த வாத்தியக்காரர்கள். அவர்கள் யார் என்றுதான் நமக்குத் தெரியாது.

பொன்மலையில் வளர்ந்த காது

திருச்சி பொன்மலையில் வளர்ந்தவன் நான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. அதைச் சுற்றி உருவான ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடுகளின் ஜன்னல் வழியே ஜிம் ரீவ்ஸ் பாடுவார், கிளிஃப் ரிச்சர்ட் பாடுவார், எல்விஸ் பாடுவார். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்பதும், எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் சென்னையில் பிறந்தவர் என்பதும் அங்கே சொந்தக்காரர்களைப் பற்றிய பெருமைபோலப் பேசப்படும்.

எங்கள் வரிசையில் ஓர் இன்ஜின் டிரைவர் இருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. அவரிடம் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. ஜிம் ரீவ்ஸின் 'ஹீல் ஹாவ் டு கோ' பாடலில் அந்தக் கனத்த, மென்மையான குரலுக்குள் நான் மூழ்கிக் கிடந்தபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "பாடறவரைக் கொஞ்சம் விட்டுடு மேன். அவருக்குப் பின்னால யார் நிக்கிறாங்கன்னு கேளு."

திரும்பக் கேட்டேன். குரல் ஓய்கிற இடத்தில் ஒரு பியானோ எட்டிப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கியது. அடியில் பேஸ், நிதானமாக நடந்தது. தூரத்தில் கோரஸ் குரல்கள் ஒரு திரைபோல விரிந்தன. அந்தப் பியானோ ஃபிளாய்ட் கிரேமருடையது என்பதும், செட் அட்கின்ஸ் தயாரிப்பில் 1959இல் நாஷ்வில் நகரில் அது பதிவானது என்பதும் பல வருடங்கள் கழித்துத் தெரிந்த செய்திகள். நாஷ்வில்லில் ஒரு சிறிய வட்டக் கலைஞர்கள்தான் எல்விஸுக்கும் ரீவ்ஸுக்கும் பேட்ஸி கிளைனுக்கும் மாறி மாறி வாசித்தார்கள். பாடகர்கள் மாறினாலும் பின்னால் நின்றவர்கள் அதே ஆட்கள்தான்.

'மை கேர்ள்' என்னிடம் வந்தது காசெட் காலத்தில். வெற்று காசெட்டும் ஒரு பட்டியலும் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடைகள் அப்போது ஊருக்கு ஊர் உண்டு. அப்படிப் பதிவான காசெட்டை ஒரு நாள் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீணை கற்றவர் என் அத்தை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "இதை இன்னொரு தடவை வை" என்றார். ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ஏறியது. அத்தை கூடவே பாடினார்: ச ரி க ப த ச. "மோகனம்டா இது. யார் இவன்?" என்று கேட்டார். டெட்ராய்ட்காரர் தன்னை அறியாமல் வாசித்த மோகன ஆரோகணம் அது. அத்தையின் கேள்விக்குப் பதில் காசெட்டில் இல்லை. அதன் உறையில் நான் கைப்பட எழுதியிருந்தது பாடிய குழுவின் பெயர் மட்டுமே.

டெட்ராய்ட்: ஒற்றை விரல் பேஸ்

அந்தப் பதிலைத் தேடிப் போனால் டெட்ராய்ட் நகரின் மேற்கு கிராண்ட் பொலிவார்டில் 2648 எண்ணுள்ள ஒரு சாதாரண வீட்டுக்குப் போய்ச் சேர்கிறோம். குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இசை நிறுவனம் தொடங்கிய பெர்ரி கோர்டி, முன்பு புகைப்பட நிலையமாக இருந்த அந்த வீட்டை வாங்கி 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று பலகை மாட்டினார். மோட்டவுன் என்ற பெரும் பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது. உள்ளே இருந்த ஒலிப்பதிவு அறைக்குக் கலைஞர்கள் வைத்த பெயர் 'பாம்புக் குழி'. கூரையிலிருந்து அத்தனை ஒயர்கள் தொங்கின. ஜாஸ் கிளப்புகளில் வாசித்துவிட்டு வந்து அந்த அறையில் வேளை பார்க்காமல் உழைத்த குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். ராபர்ட் ஒயிட் அதில் ஒருவர். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று மோட்டவுனின் எல்லா நட்சத்திரங்களுக்கும் பின்னால் இருந்தது இந்தக் குழு.

அதன் இதயம் ஜேம்ஸ் ஜேமர்சன். பேஸ் கிட்டாரை அவர் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பெயர். கம்பிகளை மாற்றவே மாட்டார். பழைய கம்பியில்தான் தன் ஒலி இருக்கிறது என்று நம்பினார். ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்' பாடலைக் கேளுங்கள். பாடகர் ஒரு கதை சொல்ல, ஜேமர்சனின் பேஸ் கீழே இன்னொரு கதை சொல்லும். இரண்டும் மோதாமல் ஒன்றையொன்று தூக்கிப்பிடிக்கும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தன்னைப் பாதித்த பேஸ் கலைஞர் என்று இவரைத்தான் சொல்கிறார்.

ஆனால் 1960கள் முழுவதும் அந்த உறைகளில் ஜேமர்சன் பெயர் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கே தன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் வாசித்தவர்களின் பெயர்களை வெளியிட்டபோதுதான் நிலைமை மாறியது. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஓர் அடைமொழியும் இருந்தது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. டெட்ராய்ட் கலைஞர்களில் பலர் வேலை இழந்தார்கள். ஜேமர்சனும் மேற்கே போய்ப் பார்த்தார். பழைய இடம் கிடைக்கவில்லை. 1983 ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பிரம்மாண்டமாக நடந்தது. ஜேமர்சன் அதை டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களோடு அமர்ந்து பார்த்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்.

மெம்ஃபிஸில் ஓர் ஒற்றுமை

தெற்கே மெம்ஃபிஸ் நகரில் மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை ஸ்டாக்ஸ் நிறுவனம் ஸ்டூடியோ ஆக்கியது. தியேட்டர் என்பதால் தரை சரிவாகவே இருந்தது. அங்கே வாசித்த புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் குழுவில் ஆர்கன் வாசித்த புக்கர் டி ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் கறுப்பினத்தவர்கள். கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் பேஸ் வாசித்த டக் டன்னும் வெள்ளையர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊரில் இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே தாளத்தை உருவாக்கினார்கள்.

ஸ்டூடியோவுக்கு வெளியே அவர்கள் சேர்ந்து இருக்க முடிந்த ஓர் இடம் லொரெய்ன் மோட்டல். கிராப்பரும் பாடகர் வில்சன் பிக்கெட்டும் 'இன் த மிட்நைட் அவர்' பாடலை அங்கேதான் எழுதினார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே லொரெய்ன் மோட்டலில்தான். இது தெரிந்த பிறகு அந்தத் துள்ளலான பாடலை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. முன்னைவிட அதிகமாக நேசிக்கிறேன்.

பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் த பே' இந்தக் குழுவோடு பதிவானது. பதிவு முடிந்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, ரெடிங் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 26. பாடலை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு கிராப்பர் தலையில் விழுந்தது. அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்து அவர் முடித்த அந்தப் பாடல் 1968இல் முதலிடம் போனது. நண்பனை இழந்த துக்கத்தில் ஒருவர் வேலை செய்து முடித்த பாடல் அது. சென்னையில் வேலை தேடித் திரிந்த நாட்களில், மெரினாவில் மாலை நேரங்களில், எனக்கு மிக நெருக்கமாக இருந்தது அதுதான்.

என் அப்பாவின் பாடல்

லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டூடியோக்களில் ஒரு நாளில் மூன்று, நான்கு ஒலிப்பதிவுகளுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. பிற்காலத்தில் 'ரெக்கிங் க்ரூ' என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்களில் டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளெய்னின் கணக்கு ஒன்றே போதும்: 1966 முதல் 1971 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஆண்டின் சிறந்த பாடல் பதிவுக்கான கிராமி விருது பெற்ற ஒவ்வொரு பாடலிலும் டிரம்ஸ் அவருடையது. ரோனெட்ஸின் 'பீ மை பேபி' தொடக்கத்தில் கதவைத் தட்டுவதுபோல விழும் அந்த அடியும் அவர் கைதான்.

அதே கூட்டத்தில் பேஸ் வாசித்தவர் கரோல் கே. ஆண்கள் நிறைந்த அறையில் குழந்தைகளைக் காப்பாற்ற உழைத்த ஒரு பெண். கிளென் கேம்பல் 1968இல் பாடிய 'விசிட்டா லைன்மேன்' அவருடைய பேஸ் இறங்கி வருவதில்தான் தொடங்குகிறது. ஊருக்கு வெளியே கம்பத்தில் ஏறிக் கம்பி பழுது பார்க்கும் ஒரு தொழிலாளியின் தனிமையை ஜிம்மி வெப் எழுதியிருந்தார். பாடலின் நடுவில் வரும் கனத்த தனிவாசிப்பைக் கேம்பல் வாசித்தது கரோல் கேயிடமிருந்து வாங்கிய வாத்தியத்தில். கேம்பலும் பாடகராகப் புகழ்பெறும் முன் அதே கூட்டத்தில் கூலிக்கு வாசித்தவர்தான்.

என் அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார். மழை பெய்து கம்பி அறுந்தால் நள்ளிரவில் ஆள் வந்து கதவைத் தட்டுவார். டார்ச் விளக்கோடு தண்டவாளம் ஓரமாக நடந்து போவார். விடிந்த பிறகு வருவார், எதுவும் பேசமாட்டார். அவர் ஆங்கிலப் பாட்டு கேட்டவர் இல்லை. இந்தப் பாடலை முதல்முறை கேட்டபோது, அப்பா அந்தத் தண்டவாளத்தில் நடக்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது. எங்கோ அமெரிக்காவில் ஒரு பெண் வாசித்த பேஸ் ஒலி என் அப்பாவை எனக்குக் காட்டியது. அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்வது எனக்குக் கடமையாகத்தான் பட்டது.

2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தனக்கு அறிவித்த கௌரவத்தைக் கரோல் கே ஏற்க மறுத்துவிட்டார். ஸ்டூடியோ கலைஞர்களின் வேலை குழுவாகச் செய்த வேலை, அந்த விருது அதைப் பிரதிபலிக்கவில்லை என்பது அவர் வாதம். அவர் நிலைப்பாட்டின் கம்பீரத்தை நான் வணங்குகிறேன்.

இரண்டு பெண் குரல்கள்

ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' (1969) பாடலில் மிக் ஜாகருக்கு எதிராக எழும் பெண் குரல் மெர்ரி கிளேட்டனுடையது. நள்ளிரவை ஒட்டி ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் கர்ப்பிணி. படுக்கப் போனவர், தலையில் சுருள் ஊசிகளோடே போய்ப் பாடினார். உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. அந்த உடைசலை மறைக்காமல் அப்படியே விட்டார்கள். போர்க்காலத்தின் பயம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு அவருக்குக் கரு கலைந்தது. முதலில் வெளிவந்த உறையில் அவர் பெயர் 'மேரி' என்று தவறாக அச்சாகியிருந்தது.

பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆல்பத்தில் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்றொரு பாடல். வார்த்தையே இல்லை, ஒரு பெண் குரல் ஆலாபனையாக அழுது, வெடித்து, அடங்குகிறது. அதைப் பாடிய கிளேர் டோரிக்கு மெட்டு எதுவும் தரப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் அவரே கற்பனை செய்து பாடினார். கூலி 30 பவுண்டு. பாடகி என்று பெயர் வந்தது. இசை என்ற இடத்தில் குழுவின் ரிச்சர்ட் ரைட் பெயர் மட்டும் இருந்தது. 2004இல் டோரி வழக்குத் தொடர்ந்தார். 2005இல் சமரசம் ஏற்பட்டது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் படைப்பாளியாக இடம்பெறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து என்றாலும், நியாயம் கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது.

பெயர் போடுவது அத்தனை கடினமா?

இல்லை என்பதற்குப் பீட்டில்ஸே சாட்சி. 1966இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை உறையில் போட்டார்கள். 1969இல் 'கெட் பேக்' தட்டில், பீட்டில்ஸோடு பில்லி பிரஸ்டன் என்று கீபோர்டு கலைஞருக்குச் சமமான இடம் கொடுத்தார்கள். ஆனால் இடையில், 1967இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாடலுக்குத் தில்ரூபா, தம்புரா, தபலா வாசித்த லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்களின் பெயர் விடுபட்டது. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்ற அந்தப் பெயர்கள் பரவலாக வெளியே வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது.

நம் ஊர்க் கதையும் இதுதான். தமிழ்த் திரைப்பாடல் காசெட்டுகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இளையராஜாவின் பாடல்களில் நாம் இன்றும் வாயால் வாசிக்கும் பேஸ் கிட்டார் சசிதரனுடையது, டிரம்ஸ் புருஷோத்தமனுடையது, கிட்டார் சதானந்தத்தினுடையது, கீபோர்டு விஜி மேனுவலுடையது. இளையராஜாவே ஜி.கே. வெங்கடேஷிடம் கிட்டார் வாசித்துப் பின்னால் நின்றவர், ஏ.ஆர். ரஹ்மான் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தவர். ரஹ்மானின் ஆல்பங்களில் கலைஞர் பெயர்கள் அச்சாகத் தொடங்கியபோதுதான் 'பம்பாய்' படத்தின் புல்லாங்குழல் நவீன்குமாருடையது, பல பாடல்களின் பேஸ் கீத் பீட்டர்ஸுடையது என்பதெல்லாம் நம் பேச்சில் வந்தன. உறையில் ஒரு வரி சேர்த்ததில் பாடல் எதையும் இழக்கவில்லை. ரசிகனுக்குக் கேட்கக் காது கூடியது.

இன்று பாடல்கள் செல்போன் செயலிகளுக்கு வந்துவிட்டன. உறையில் இடமில்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. ஆனாலும் பழைய பாடல் ஒன்றின் விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு, மூன்று பெயர்களே இருக்கின்றன. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்கள் தங்கள் பழைய ஒலிப்பதிவுக் குறிப்புகளைத் தேடி எடுத்து, வாசித்தவர்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டும். இசையமைப்பாளர்கள் தங்கள் மேடைகளில் அவர்களை அழைத்து முன்னால் நிறுத்த வேண்டும்.

ரசிகர்களும் செய்ய வேண்டியது உண்டு. உங்களுக்கு உயிரான ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னால் நிற்பவரைக் கேளுங்கள். யார் என்று தேடுங்கள். உங்கள் தெருவிலோ உறவிலோ திரைப்பட ஆர்கெஸ்ட்ராவில், மெல்லிசைக் குழுவில் வாசித்த பெரியவர் இருந்தால், எந்தெந்தப் பாடல்களுக்கு வாசித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். அவர்களில் பலர் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் காது குளிர அந்தப் பெயர்களை இப்போதே சொல்ல வேண்டும்.